ஏழாம் தேதிக் கிறிஸ்துமஸ்

டிசம்பர் 23, திங்கள். திருவனந்தபுரம் விமான நிலையம்

பாடக்குறிப்பு நோட்டில் மீந்து கிடந்த பக்கங்களில் இதை எழுதுகிறேன். தலைமையாசிரியர் கையெழுத்துப் போடும் இடம் காலியாகவே இருக்கும். இருக்கட்டும்.

எங்கள் ஊரில் இந்நேரம் வீட்டுக்கு வீடு முந்திரிக்கொத்து பொரிகிற வாசனை அடிக்கும். நான் இங்கே ஷூவைக் கழற்றித் தட்டில் வைத்துக்கொண்டிருக்கிறேன். கைப்பையைத் திறந்து பார்த்த காவலர், பத்தாம் வகுப்பு அரையாண்டு விடைத்தாள் கட்டைக் கண்டு திகைத்துவிட்டார்.

"டீச்சரே, இது எந்தா?"

"சமூக அறிவியல் பேப்பர். மூணாம் தேதிக்குள்ள திருத்திக் குடுக்கணும்."

"டூர் போயிட்டும் பேப்பர் நோக்கணோ?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

பிறகு பேச்சு மாறக் கூடாது என்பதற்காக, ஏன் போகிறேன் என்பதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். என் பெயர் பியூலா. வயது நாற்பத்தொன்பது. எங்கள் கோயில் பாடகர் குழுவில் இருபத்து நான்கு வருடம் ஆல்ட்டோ என்கிற பெண்களின் கீழ்க்குரல் பாடியவள். பாடியவள் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. ஆகஸ்டிலிருந்து என்னை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பாட்டும் கிடையாது, திருவிருந்தும் கிடையாது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து காணிக்கை மட்டும் போடலாம்.

குற்றம் இதுதான். ஜூன் பன்னிரண்டாம் தேதி என் மகள் ஜெமிமா, தன்னோடு பெங்களூரில் வேலை பார்க்கும் கதிரேசனைத் திருநெல்வேலியில் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பையன் வேறு மதம், வேறு சாதி. அந்தக் கல்யாணத்துக்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேனாம். அன்று காலை அந்தத் தெருவில் என்னைக் கண்ணால் கண்டவர் இருக்கிறாராம். ஆகவே சபை ஒழுங்குக்கு விரோதம்.

என் வீட்டுக்காரர் பொன்னுதுரையையும் சேர்த்துத்தான் நிறுத்தினார்கள். அவர் நவம்பரில் எழுந்து நின்று, மகளைக் கண்டித்து வளர்க்கவில்லை என்று மன்னிப்புக் கேட்டு மறுபடி சபைக்குள் போய்விட்டார். அன்று இரவு சாப்பிடவில்லை. எனக்கு வருஷத்தின் முதல் ஞாயிறுவரை தவணை. அன்றைக்குச் சபையார் முன் நின்று, கையெழுத்துப் போட்டது பிழை என்று சொன்னால் மறுபடியும் ஆல்ட்டோ. சொல்லாவிட்டால் சபைப் பட்டியலில் பெயர் அடிபடும். பட்டியலில் பெயர் இல்லாதவளுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. என் அப்பாவும் அம்மாவும் அங்கேதான் இருக்கிறார்கள்.

கேட்க மாட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு ஊரில் இருக்கவும் மாட்டேன். கேரல் குழு வாசலுக்கு வந்து பாடும்போது, என் பாகத்தை வேறொருத்தி சுருதி இறங்கிப் பாடுவதை ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டிருக்க எனக்கென்ன தலையெழுத்தா? ஜார்ஜியா என்ற நாட்டுக்கு விசா சுலபம் என்றார்கள். உலகத்தின் மிகப் பழைய கிறிஸ்தவ நாடுகளில் ஒன்று. என்னை யாரென்றே தெரியாத ஒரு கோயிலில், முதல் பெஞ்சில் உட்கார்ந்து கிறிஸ்துமஸ் ஆராதனை பார்ப்பேன். வெளிநாடு போகத் தடையின்மைச் சான்று கேட்டபோது தலைமையாசிரியர் மூன்று தரம் "தனியாவா?" என்றார். மூன்று தரமும் ஆமாம் என்றேன்.

பஸ் ஏற்றிவிட வந்தபோது வீட்டுக்காரர் சொன்னார்: "ஊர விட்டு ஓடுதான்னு பேசுவாவட்டி."

"ஓடுறவ திரும்பி வர டிக்கெட் எடுக்க மாட்டா."

"பயமா இல்லியா?"

"மடியில கனமில்ல, வழியில பயமில்ல," என்றேன்.

விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள்.

டிசம்பர் 24, செவ்வாய். திபிலிசி

வந்துவிட்டேன். எழுத்தில் நடுக்கம் தெரிந்தால் அது குளிர்.

பழைய நகரத்தில் ஒரு சந்து. மாடியில் மர பால்கனி வைத்த வீடு. வீட்டுக்காரி பெயர் மனானா. என் வயதுதான் இருக்கும், தையல் வேலை செய்கிறாள், புருஷன் இறந்து ஆறு வருடம். மேல் அறையை விருந்தாளிகளுக்கு விடுகிறாள். அவளுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. எனக்கு ஜார்ஜிய மொழியில் வணக்கம்கூடத் தெரியாது. அவள் போனில் பேசினால் போன் என்னிடம் தமிழில் சொல்கிறது. எங்கள் சபைப் போதகர் ஐயர் பிரசங்கம் செய்கிற தமிழ்.

"தாங்கள் ஏன் தங்கள் கணவர் இல்லாமல் வந்திருக்கிறீர்கள்?" என்று போன் கேட்டது.

"அவருக்கு லீவு இல்ல," என்றேன்.

போன் அதை அவளுக்குச் சொன்னதும் அவள் சிரித்தாள். பொய்க்கு எல்லா மொழியிலும் ஒரே ஓசை போலிருக்கிறது.

சேலைக்கு உள்ளே இரண்டு கால்சட்டை, மேலே ஸ்வெட்டர், அதற்கு மேலே கோட்டு. கண்ணாடியில் பார்த்தால் மூட்டை கட்டிய பஞ்சு மாதிரி இருக்கிறேன். நாளைக்குப் பட்டுச் சேலை. ஆரஞ்சுக் கரை போட்டது. அயர்ன் பண்ண மனானாவிடம் பெட்டி வாங்கி வைத்துவிட்டேன்.

டிசம்பர் 25, புதன்

இருபத்தைந்து வருடமாகச் சமூக அறிவியல் நடத்துகிறேன். என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி ஒரு பதில் எழுதியிருந்தால் காதைப் பிடித்துத் திருகியிருப்பேன்.

நாலு மணிக்கு எழுந்தேன். ஊரில் கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனை அந்நேரம்தான். குளித்து, பட்டுக் கட்டி, தலையில் முக்காடு போட்டு, வேதபுத்தகத்தோடு பனியில் நடந்து பெரிய கோயிலுக்குப் போனேன். பூட்டியிருந்தது. நேரம் பிந்தித் தொடங்குவார்கள் என்று படியில் நின்றேன். விடிந்தது. ஒருவர் வந்து கதவைத் திறந்து பனி உருகப் படியில் உப்புத் தூவினார். ஆராதனைக்கு ஒருவரும் வரவில்லை. எதிரே கடைகள் திறந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையோடு போனார்கள். தெருக்கூட்டுகிற அம்மாள் என் பட்டுச் சேலையைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். கிறிஸ்துமஸ் அன்று ஒரு நாடு முழுவதும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது!

வீட்டுக்கு வந்து மனானாவிடம் கேட்டேன். அவள் நாட்காட்டியைக் கழற்றி எடுத்து வந்து, ஜனவரி ஏழின் மேல் விரலை வைத்தாள். இவர்கள் கோயில் பழைய நாட்காட்டிப்படி நடக்கிறது. இவர்களுக்குக் கிறிஸ்துமஸ் அன்றைக்குத்தான். இப்போது விரதகாலம். வேறு சபைக்காரர்கள் கொஞ்சம் பேர் இன்று கொண்டாடுவார்களாம், எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஊர்க் கிறிஸ்துமஸை விட்டு ஓடி வந்தேன். இங்கே இன்னும் அது வரவே இல்லை. ஒன்றாம் தேதி எனக்குத் திரும்பும் விமானம். ஆக, இந்த வருஷம் இரண்டுமில்லை.

சிரிப்பு வந்தது. சத்தியமாக அழவில்லை. மனானா பயறு வைத்த ரொட்டி சுட்டுக் கொடுத்தாள், நம் போளியில் இனிப்புக்குப் பதில் உப்புப் போட்டது மாதிரி. நான் பட்டுச் சேலையோடு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தின்றேன். பிறகு பன்னிரண்டு விடைத்தாள் திருத்தினேன். நல்ல நாளும் அதுவுமாகப் பேப்பர் திருத்தாதே என்று சொல்ல இங்கே யாருமில்லை.

டிசம்பர் 26, வியாழன்

அவர் கூப்பிட்டார்.

"கேரல் வந்தாவ. வாசல்ல நின்னு பாடுனாவ."

"ஆல்ட்டோ யாரு?"

"ஐயரம்மாவுக்குத் தங்கச்சி."

"எப்படிப் பாடுனா?"

"எனக்கென்னட்டி தெரியும் அதெல்லாம்," என்றார். மோசமாகப் பாடியிருக்கிறாள் என்று அர்த்தம். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் என்று எழுதினால் பாவம். எழுதவில்லை.

"ஒரு வார்த்தைதானட்டி," என்று மறுபடி ஆரம்பித்தார். "எந்திச்சு நின்னு ஒரு வார்த்தை. நானும் சொன்னேன்லா? செத்தா போயிட்டேன்?"

"நீங்க சொல்லிட்டு வந்து சோறு திங்கல."

போனை வைத்துவிட்டார்.

டிசம்பர் 27, வெள்ளி

வேனில் மூன்று மணி நேரம் மலை ஏறிப் பனி பார்த்தேன். தோழிகளுக்குக் காட்ட எட்டுப் படம். வழுக்கி விழுந்தேன். யாரும் பார்க்கவில்லை. ஆகையால் விழவில்லை.

திரும்பும்போது வேனில் என்னை அறியாமல் பாடிக்கொண்டு வந்திருக்கிறேன். பக்கத்தில் இருந்த பெண் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். ஆல்ட்டோ பாகத்தை மட்டும் தனியே கேட்டால் அது பாட்டே இல்லை, யாரோ ஒருத்தி வேறு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பது மாதிரி இருக்கும். அவள் முகத்தில் அந்தக் குழப்பம் தெரிந்தது. நிறுத்திக்கொண்டேன்.

டிசம்பர் 28, சனி

ஜெமிமா கூப்பிட்டாள். ஜூனுக்குப் பிறகு அவள் குரலை இன்றுதான் கேட்கிறேன். பிறந்த நாளுக்கு வாழ்த்துச் செய்தி, ஓணத்துக்கு ஒரு படம், அவ்வளவுதான் இத்தனை மாதமும்.

"அம்மா, நீ ஜார்ஜியாவுல இருக்கன்னு அப்பா சொல்லி இப்பதான் தெரியும். காதை மூடிக்கோ. குளிர் காது வழியாத்தான் ஏறும்."

"மூடியிருக்கேன்."

"அப்பா எல்லாம் சொன்னாங்க. கொயர்ல நிறுத்துனது, பட்டியல்ல அடிக்கப் போறது." ஒரு மூச்சு இழுத்தாள். "ஏம்மா, நீ வரவே இல்லியே. பதினொண்ணரை வரைக்கும் ரோட்டப் பாத்துட்டு நின்னேன். கடைசியில கதிரோட ஃப்ரெண்டுதான் கையெழுத்துப் போட்டான். சர்டிபிகேட் எங்கிட்ட இருக்கு, அதுல உன் பேரு இல்ல. போட்டோ எடுத்து அனுப்பட்டா? ஐயர்ட்ட காட்டு. முடிஞ்சுது பிரச்சினை."

"வேண்டாம்."

"ஏன்?"

"அனுப்பாத. அவ்வளவுதான்."

"செய்யாத தப்புக்கு எதுக்கும்மா தண்டனை வாங்குத?"

சார்ஜ் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் எண்பது சதவீதம் இருந்தது.

டிசம்பர் 29, ஞாயிறு

சரி. எழுதுகிறேன். நனைந்த பின் முக்காடு எதற்கு?

முதலில் இன்று காலை கோயிலுக்குப் போனதை எழுதிவிட்டு அதற்கு வருகிறேன். மனானா கூட்டிப்போனாள். முதல் பெஞ்சு என்று கனவு கண்டேனே, அந்தக் கோயிலில் பெஞ்சே கிடையாது. எல்லாரும் இரண்டு மணி நேரம் நிற்கிறார்கள். ஆணும் பெண்ணும் கலந்து நிற்கிறார்கள். முதல் வரிசை, கடைசி வரிசை என்று ஒன்றும் இல்லை. பெண்களுக்கு முக்காடு உண்டு, அதில் நான் பழகினவள். ஆர்கன் இல்லை, கீபோர்டு இல்லை. ஓரத்தில் ஆறு பேர் நின்று மூன்று குரலில் பாடினார்கள்.

அந்த நடுக்குரல்! ஒரு சின்னப் பெண் பாடினாள். யாரும் அவளைக் கவனிப்பதில்லை, மேல் குரலைத்தான் கேட்பார்கள். ஆனால் அவள் நிறுத்தினால் மற்ற இரண்டும் தனித்தனியே தொங்கும். நான் பின்னால் தூணோரம் நின்று, வார்த்தை தெரியாமல் வாயை மூடிக்கொண்டே அவளோடு சேர்ந்துகொண்டேன். அப்புறம் கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை தேட வேண்டியதாகிவிட்டது. எழுதிவிட்டேன், அழுதேன். பாட்டு இல்லாமல் ஐந்து மாதம் இருந்ததற்கு அழுதேன். அது எனக்குப் பெரிதில்லை என்று ஊரில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அதற்கும் சேர்த்து அழுதேன்.

திருவிருந்து அவர்கள் சபையாருக்கு மட்டும். எனக்கு இல்லை. ஆனால் முடிந்ததும் யாரோ ஒரு அம்மாள் தன் கையிலிருந்த ரொட்டித் துண்டைப் பிய்த்துப் பாதியை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். நான் யார், என்ன செய்தேன் என்று கேட்கவில்லை.

இப்போது அது.

ஜூன் பன்னிரண்டாம் தேதி விடுப்புப் போட்டுவிட்டு, அவரிடம் பல் வலி என்று சொல்லிவிட்டு, எட்டு மணி பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போனேன். ஜெமிமாவிடம் முதல் நாள் சத்தியம் செய்திருந்தேன், சாட்சிக் கையெழுத்து நான்தான் போடுவேன் என்று. பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் ஒரு ஜூஸ் கடை. அதன் வாசலில் நின்று பார்த்தேன். அவள் கடுகு மஞ்சளில் சேலை கட்டி நின்றாள். மடிப்பு சரியாக வைக்கவில்லை, தோளில் ஊசி குத்தவில்லை. தானே கட்டியிருக்கிறாள். ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ரோட்டைக் கடக்கவில்லை.

கடந்தால் ஆல்ட்டோ போய்விடும், கல்லறை போய்விடும், ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்றெல்லாம் அங்கே நின்று கணக்குப் போட்டேன். ஒரு சாத்துக்குடி ஜூஸ் வாங்கினேன். குடிக்காமல் வைத்துவிட்டுத் திரும்பி பஸ் ஏறிவிட்டேன். அந்தத் தெருவில் நிற்கும்போதுதான் நம்மூர்க்காரர் ஒருவர் என்னைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆகஸ்டில் ஐயர் கூப்பிட்டு, "கையெழுத்துப் போட்டீர்களாமே" என்றபோது, இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை. நான் செய்திருக்க வேண்டியதை நான் செய்ததாக ஊரே நம்புகிறது. அந்தப் பழியாவது எனக்கு இருக்கட்டும் என்று நினைத்தேன். மடியில் கனமில்லை என்று அவரிடம் சொன்னது பொய். கனம் அதுதான்.

பரீட்சைக்கு வந்து உட்கார்ந்து தப்பாக எழுதினவனுக்குக்கூட நாங்கள் ஏதாவது போடுவோம். வாசல்வரை வந்து திரும்பிப் போனவனுக்குச் சிவப்பு மையில் ஆப்சென்ட். ஜூன் பன்னிரண்டு, பியூலா, ஆப்சென்ட்.

டிசம்பர் 30, திங்கள்

ஐயர் மன்னிப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்து என் வீட்டுக்காரர் வழியாக வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். அதைப் பார்த்து என் கையெழுத்தில் எழுத வேண்டுமாம். "என் மகளின் முறையற்ற திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்திட்டதற்காக மனம் வருந்தி..."

கேள்வியே தப்பு. கேள்வித்தாளில் கேள்வி தப்பாக இருந்தால் எழுத முயன்ற எல்லாருக்கும் முழு மதிப்பெண் கொடுப்பது எங்கள் வழக்கம். நான் முயலக்கூட இல்லையே.

விடைத்தாள் முடிந்தது. மனானா எனக்கு ஒரு முழ உயரத்தில் ஒரு மரம் வாங்கி வந்தாள். சிச்சிலாகி என்கிறாள். ஹேசல் கொட்டை மரக் கம்பைச் சுருள் சுருளாகச் சீவித் தொங்கவிட்டது, தச்சன் இழைப்புளியில் விழுகிற சுருள் மாதிரி. இவர்களுடைய கிறிஸ்துமஸ் மரம் இதுதானாம்.

டிசம்பர் 31, செவ்வாய்

மத்தியானம் நானே அவரைக் கூப்பிட்டேன்.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் கையெழுத்துப் போடல."

"தெரியும்," என்றார்.

"யாரு, ஜெமிமா சொன்னாளா?"

"அவ சொல்லணுமா? அன்னைக்கு நீ பஸ்ஸ விட்டு எறங்கி வரையில உன் மூஞ்சியப் பாத்தேன். கையெழுத்துப் போட்டுட்டு வந்தவ மூஞ்சி அப்படியா இருக்கும்? பல் வலின்னு சொன்ன. சாயங்காலம் முறுக்கு தின்ன."

"பின்ன ஏன் கமிட்டில சொல்லல? நான் தப்பிச்சிருப்பேன்லா?"

"நீயே சொல்லாதத நான் எப்படிட்டி சொல்ல?"

தபால் நிலையத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தினவர். யாருடைய கடிதத்தையும் பிரித்துப் பார்க்காத மனிதர். அவருக்கு முதுகெலும்பு இல்லை என்று இந்த நோட்டில் இரண்டு இடத்தில் எழுதி அடித்திருக்கிறேன். அடித்தது அடித்ததாகவே இருக்கட்டும்.

"ஐயர்ட்ட சொல்லுங்க," என்றேன். "முதல் ஞாயித்துக்கிழமை எந்திச்சு நிக்கேன். மன்னிப்புக் கேக்கேன்."

"நெசமாவா?"

"நெசமா. ஆனா கடிதாசி நான்தான் எழுதுவேன்."

ஜனவரி 1, புதன்

காலையில் எழுந்து கீழே வந்தால் மனானா என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள். கோட்டுகூட இல்லை. என்ன குற்றம் செய்தேன் என்று பயந்துவிட்டேன். பிறகு கதவிடுக்கு வழியாகப் போன் பேசியது: "ஆண்டின் முதல் நாளில் முதலில் இல்லத்தில் கால் வைப்பவர் அந்த ஆண்டின் நன்மையைக் கொண்டுவருகிறார். தயவுசெய்து தாங்கள் வாருங்கள். வலது கால்."

வழக்கமாக ராசியான ஆள் என்று பெயர் எடுத்தவரைத்தான் கூப்பிடுவார்களாம். என் கையில் அக்ரூட்டும் தேனும் சேர்த்துச் செய்த மிட்டாய்த் தட்டைத் திணித்தாள். நம் கடலை மிட்டாய்க்கு அக்கா. சொந்த ஊரில் கடைசி பெஞ்சில் வைத்திருக்கிற ஒருத்தியை இவள் ராசியான கால் என்று வாசலில் நிறுத்துகிறாள்! உனக்கு என்னைப் பற்றி என்ன தெரியும் என்று போனில் கேட்டேன்.

"ஒன்பது நாட்கள் தாங்கள் என் வீட்டில் பாடினீர்கள். அது போதும்," என்றது போன்.

பாடினேனா? குளிக்கும்போதும் பேப்பர் திருத்தும்போதும் பாடியிருப்பேன் போலிருக்கிறது.

வலது காலை எடுத்து வைத்தேன். வைக்கும்போதுதான் அது வந்து நெஞ்சில் அடித்தது. நம்ம கிறிஸ்தவ வேதக்காரர்கள் இதெல்லாம் பார்க்கிறதில்லை என்று சொல்லிக்கொண்டே, புதுப்பெண் வாசலுக்கு வந்ததும் "வலது கால எடுத்து வச்சு வாம்மா" என்று எல்லாரும்தான் சொல்லுவோம். ஜெமிமாவையும் கதிரேசனையும் பார்த்து அதை எந்த வாசலிலும் யாரும் சொல்லவில்லை. ஏழு மாதமாகிறது.

மிட்டாய்த் தட்டைக் கீழே வைத்ததும் அவளைக் கூப்பிட்டேன்.

"ஜெமி, நான் அன்னைக்கு வந்தேன். எதிர்த்தாப்ல ஜூஸ் கடைல நின்னேன். ரோட்டத் தாண்டல. பயந்துட்டேன்."

அவள் கேட்டாள்: "என் சேலையப் பாத்தியா?"

"பாத்தேன். மடிப்பு சரியில்ல. தோள்ல ஊசி குத்தல."

"குத்திவிட யாரும் இல்லம்மா," என்றாள்.

இரண்டு பேருமே போனை வைக்கவில்லை. கடைசியில் நான், "ஏழாந் தேதி கிறிஸ்துமஸ். ரெண்டு பேரும் வாங்க," என்றேன். ஏழாம் தேதியா, அம்மாவுக்குக் குளிர் தலைக்கு ஏறிவிட்டதா என்று கேட்டாள். வந்தால் சொல்கிறேன் என்றேன்.

மூன்று மணிக்கு விமான நிலையம். சிச்சிலாகியை விடைத்தாள்களுக்கு நடுவே வைத்துக் கட்டிவிட்டேன்.

ஜனவரி 3, வெள்ளி

மார்க் பட்டியல் கொடுத்தாயிற்று. "எப்படி டீச்சர் இருந்துச்சு?" என்றார் தலைமையாசிரியர். "தனியாத்தான் இருந்துச்சு சார்," என்றேன்.

ஜனவரி 5, ஞாயிறு

கோயில் நிறைந்திருந்தது. நான் மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று ஊருக்கே தெரியும். ஐயரம்மா வாசலிலேயே என் கையைப் பிடித்து, "கர்த்தர் நல்லவர்" என்றார். பாடகர் குழுவில் என் நாற்காலி காலியாக இருந்தது, மேலே பாட்டுப் புத்தகம்கூட எடுத்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் ஆசை வந்தது உண்மை. ஒரு வார்த்தை சொன்னால் பத்து எட்டில் அங்கே போய் உட்கார்ந்துவிடலாம்.

அறிவிப்புகள் முடிந்ததும் ஐயர் பெயரைச் சொன்னார். கடிதத்தை அவர் வாசிப்பதுதான் முறை. கையை நீட்டினார்.

"நானே வாசிக்கேன் ஐயா," என்றேன்.

வாசித்ததை அப்படியே இங்கே எழுதுகிறேன்:

"ஜூன் பன்னிரண்டாம் தேதி என் மகள் ஜெமிமாவின் கல்யாணத்தில் நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன் என்பது என்மேல் குற்றச்சாட்டு. நான் போடவில்லை. போடுவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, எதிர்க் கடையில் ஒளிந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். உங்களுக்கு, இந்தச் சபைக்குப் பயந்து வந்தேன். என் பிள்ளை என்னை எதிர்பார்த்து ரோட்டில் நின்றாள். அது என் பிழை. அந்தப் பிழைக்காக என் மகளிடம் உங்கள் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன். இனி அவள் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் சாட்சி போடுவேன். பியூலா பொன்னுதுரை."

ஐயர் கமிட்டியைப் பார்த்தார். கமிட்டி ஐயரைப் பார்த்தது. குற்றம் செய்யவில்லை என்று மன்னிப்புக் கேட்கிறவளை என்ன செய்வது என்று ஒழுங்குமுறைப் புத்தகத்தில் எழுதவில்லை போலிருக்கிறது. "இதைக் கமிட்டி கூடிப் பேசும்," என்று மெல்லச் சொன்னார். பேசட்டும். பட்டியலில் பெயரை அடிக்கிறார்களா, கல்லறையில் இடம் தருகிறார்களா, அது அவர்கள் பாடு.

நான் அந்த நாற்காலியைத் தாண்டி, பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சுக்குத் திரும்பினேன். என் பெஞ்சு. அடுத்த பாட்டு ஆரம்பித்தது. ஐயரம்மாவின் தங்கச்சி அரை ஸ்வரம் இறங்கினாள். பாடகர் குழுவில் பாடத்தான் எனக்குத் தடை. சபையாராகப் பாட யாரும் தடை போடவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து, தொண்டையைத் திறந்து, என் பாகத்தை முழுதாகப் பாடினேன். இரண்டாம் சரணத்தில் அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். மூன்றாம் சரணத்தில் என் சுருதிக்கு வந்துவிட்டாள்.

பாதிப் பாட்டில் ஆண்கள் பக்கம் முன்வரிசையிலிருந்து யாரோ எழுந்து நடந்து வருகிற சத்தம். பொன்னுதுரை. நவம்பரில் திரும்பக் கிடைத்த முன்வரிசை. நேரே வந்து ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில், எனக்கு நேராக உட்கார்ந்தார். மனிதருக்குப் பாடவே வராது. வாயைத் திறந்து பாடினார்.

ஜனவரி 7, செவ்வாய்

ஊர் முழுக்க ஸ்டாரை இறக்கிவிட்டார்கள். எங்கள் வீட்டில் இந்த வருஷம் ஏற்றவே இல்லை. பள்ளிக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்து முந்திரிக்கொத்துக்குப் பாகு காய்ச்சினேன். மேசையில் சிச்சிலாகி.

அவர் பரணில் இருந்து பழைய ஸ்டாரை எடுத்துத் தூசி தட்டி, வாசலில் நாற்காலி போட்டு ஏறினார். எதிர்வீட்டு லீலா வெளியே வந்து பார்த்தாள்.

"என்ன மச்சான், எல்லாரும் எறக்கி வச்சாச்சு. நீங்க இப்பத்தான் கெட்டுதீய?"

அவர் வாயில் சணல் கயிற்றைக் கவ்விக்கொண்டிருந்தார். அதை எடுத்துவிட்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "இன்னைக்குத்தான் கிறிஸ்துமஸ். எம் மவளும் மருமவனும் நாலு மணி பஸ்ல வாராவ."

மணி மூன்றரை. நான் வாசல்படியைக் கழுவி விட்டுவிட்டேன். வலது காலை எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் கையில் ஒரு ஊக்கு எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், அவள் இன்றும் தோளில் குத்தியிருக்க மாட்டாள்.